தேவதைக்கு எதற்குச் சம்பளம்?

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் நகரத்தில் பிறந்ததால் ஃப்ளோரன்ஸ். முந்தின வருஷம் நேப்பிள்ஸில் பிறந்த அக்காவுக்கு அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயர்: பார்த்தெனோப்பி. சிதம்பரம், பழனி என்று பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் வைத்துப் பழகிய நமக்கு இதைக் கேலி செய்ய யோக்கியதை இல்லைதான். ஆனால் நாம் வேண்டிக்கொண்டு வைக்கிறோம். நைட்டிங்கேல் தம்பதியோ கல்யாணமான கையோடு வருஷக்கணக்கில் ஐரோப்பாவைச் சுற்றினார்கள். எந்த ஊரில் வலி எடுத்ததோ அந்தப் பெயர். நல்லவேளை, அங்கே ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஏதாவது ஜங்ஷன் பெயர் வந்து சேர்ந்திருக்கும்.

அந்த ஃப்ளோரன்ஸ் பிறந்த மே 12-ஐத்தான் (வருஷம் 1820) உலகம் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஆஸ்பத்திரி ஹாலில் மெழுகுவத்தி, கேக், பெரிய டாக்டரின் உரை. உரையில் ‘தேவதை’ மூச்சுக்கு மூச்சு வரும். ‘சம்பளம்’ மருந்துக்கும் வராது. இந்தத் தேவதை ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் சிரிப்பாகவும் நிறைய எரிச்சலாகவும் இருக்கிறது.

நைட்டிங்கேல் குடும்பம் பணக்காரக் குடும்பம். கோடைக்கு டெர்பிஷயரில் ஒரு பங்களா, மற்ற நாளுக்கு ஹாம்ப்ஷயரில் எம்ப்ளி என்று இன்னொரு பங்களா. அப்பா வில்லியம், உத்தியோகம் என்று ஒன்றுக்கும் போகாமல் புத்தகம் படித்துக்கொண்டிருந்த பாக்கியசாலி. பெண்களுக்குக் கிரேக்கமும் லத்தீனும் அவரே சொல்லிக்கொடுத்தார். அந்தத் தப்புக்குப் பிற்பாடு நன்றாக அனுபவித்தார். 1837 பிப்ரவரியில், 16 வயதில், கடவுள் தன்னை ஊழியத்துக்குக் கூப்பிட்டதாக ஃப்ளோரன்ஸ் எழுதிவைத்தாள். என்ன ஊழியம் என்று கடவுள் விவரம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அம்மா ஃபேன்னி அவரை வாசலோடு அனுப்பியிருப்பார்.

1845 டிசம்பர். பெண்ணுக்கு 25 வயது. சாலிஸ்பரி ஆஸ்பத்திரியின் டாக்டர் ஃபௌலர் எம்ப்ளிக்கு விருந்தாளியாக வந்திருந்தபோது, அந்த ஆஸ்பத்திரியில் மூன்று மாசம் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள விருப்பம் என்று அவள் திருவாய் மலர்ந்தாள். வீடு ரெண்டுபட்டது. அம்மா முதலில் பயந்தார், அப்புறம் கொதித்தார், கடைசியில் எல்லா அம்மாக்களும் வந்து நிற்கும் இடத்தில் வந்து நின்றார்: அங்கே எவனோ ஒரு தரங்கெட்ட சர்ஜன் இருக்கிறான், அவனுக்காகத்தான் இத்தனை நாடகமும். அக்காவுக்கு ஹிஸ்டீரியா. அப்பா பேசாமல் லண்டனுக்குக் கிளம்பிப் போய்விட்டார். குடும்பத்தில் பிரளயம் வரும்போது ஆண்பிள்ளைக்கு வெளியூரில் அவசர வேலை வருவது எல்லா நாட்டிலும் உண்டு போலிருக்கிறது. அடுப்படியில் பத்துப்பாத்திரம் தேய்க்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி பதறினார்கள் என்று மகள் பின்னாளில் சொன்னார்.

பதற்றத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் காசுள்ளவன் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டான்; டாக்டர் வீட்டுக்கு வருவார், வைத்தியமும் சாவும் சொந்தக் கட்டிலிலேயே நடக்கும். ஆஸ்பத்திரி என்பது ஏழைகள் போய் நாற்றத்தில் கிடக்கும் இடம். அங்கே வேலை பார்த்த நர்ஸ் எப்படிப்பட்டவள் என்று கேட்டால் ஊரே டிக்கன்ஸின் நாவலைக் காட்டியது. ‘மார்ட்டின் சசில்விட்’ 1843-44-ல் தொடராக வந்தது. அதில் செய்ரி கேம்ப் என்று ஒரு அம்மாள். பிரசவம் பார்ப்பாள், நோயாளியைப் பார்ப்பாள், செத்தால் குளிப்பாட்டிக் கிடத்துவாள். மூன்று டிபார்ட்மென்டுக்கும் அவளே இன்சார்ஜ். கையில் பெரிய குடை, கைக்கெட்டும் தூரத்தில் ஜின் பாட்டில். அந்தக் குடைக்கே இங்கிலீஷ்காரர்கள் ‘கேம்ப்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்றால் அவள் எவ்வளவு பிரபலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கன்ஸ் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. ராத்திரி பகலாக வார்டிலேயே கிடந்து, மலச்சட்டி தூக்கியும் கூலி கைக்கும் வாய்க்கும் எட்டாத வேலைக்கு வேறு யார் வருவார்கள்? எங்கும் வேலை கிடைக்காதவள்தான் வருவாள். வந்ததும், “பார், இந்த வேலைக்கு வருகிறவர்கள் லட்சணம்!” என்று சொல்லிக் கூலியை ஏற்றாமல் இருக்கலாம். கூலி ஏறாததால் அடுத்தும் அவளேதான் வருவாள். இந்தச் செக்கை முதலில் ஓட்டியவன் யாரோ, மகா கெட்டிக்காரன்.

நடுவில் ஒரு வரன் வந்தது. ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ், கவிஞர், எம்.பி., நல்ல மனிதர். வருஷக்கணக்காகக் காத்திருந்தார். 1849-ல் ஃப்ளோரன்ஸ் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவர் வேறு பெண்ணைக் கட்டி, 1855-ல் பிறந்த மகளுக்கு ஃப்ளோரன்ஸ் என்று பெயர் வைத்து, நைட்டிங்கேலையே ஞானத்தாயாகவும் ஆக்கினார். பழைய காதலியின் பெயரை மகளுக்கு வைக்கும் வழக்கம் தமிழ் சினிமாவுக்கே சொந்தம் என்று இறுமாந்திருந்தோம். இல்லை.

1851-ல் வீட்டோடு மல்லுக்கட்டி ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் கொஞ்சகாலப் பயிற்சி. 1853-ல் லண்டன் ஹார்லி தெருவில், நோயுற்ற சீமாட்டிகளுக்கான ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குத் தலைவி. இங்கேதான் கவனிக்க வேண்டும்: அந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்தார், மகள் சேவை செய்தாள். நவீன நர்ஸிங்கின் தாய் என்று நாம் கும்பிடுகிறவர் அப்பா காசில் டூட்டி பார்த்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. 500 பவுண்டு அப்பா இல்லாத பெண்களையும் அதே தராசில் நிறுத்தார்கள் பாருங்கள், அதைச் சொல்கிறேன்.

1854-ல் கிரிமியப் போர். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் கவனிப்பாரின்றிச் சாகிறார்கள், பிரெஞ்சுக்காரனுக்காவது கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள் என்று ‘டைம்ஸ்’ பத்திரிகை எழுதியதும் ஊர் கொதித்தது. பெண்களைக் கூட்டிக்கொண்டு நான் போகட்டுமா என்று நைட்டிங்கேல் எழுதிய கடிதமும், தயவுசெய்து போக முடியுமா என்று மந்திரி சிட்னி ஹெர்பர்ட் எழுதிய கடிதமும் தபாலில் ஒன்றையொன்று தாண்டிப் போயின. லண்டன் முழுக்கச் சலித்தும் ஆஸ்பத்திரி அனுபவமுள்ளவர்களாகத் தேறியது 14 பேர்தான். பாக்கி 24 பேர் கன்னியாஸ்திரீகளும் சமயச் சகோதரிகளும். ஆக 38.

சீருடை தைத்தவர் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம். சாம்பல் நிற முரட்டுக் கம்பளி கவுன், ஆளுக்கு அளவெடுக்காமல் குத்துமதிப்பாகத் தைத்தது. குள்ளமானவர்களுக்கு நீளமானது, நெட்டையானவர்களுக்குக் குட்டையானது. தோளில் குறுக்கே ஒரு பட்டை, அதில் சிவப்பு நூலில் ‘ஸ்குட்டாரி ஆஸ்பத்திரி’ என்று எழுத்து. தெருவில் எவனாவது வம்பு செய்யாமலிருக்க இந்தப் போர்டு. தலையில் ஒரு தொப்பி. லாஃபீல்ட் என்ற நர்ஸ் வந்து நைட்டிங்கேலிடம் சொன்னதன் சாரம் இது: உழைக்கத் தயார், அடங்கி நடக்கத் தயார், ஆனால் இந்தத் தொப்பி என் முகத்துக்குச் சேரவில்லை, முன்னாலேயே தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன். 38 பேரில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் இவர்தான். மற்றவர்களைச் சரித்திரம் சிலையாக்கப் பார்த்தது. இவர் மட்டும் கடைசிவரை மனுஷியாக இருந்தார்.

நவம்பர் 4, ஸ்குட்டாரி. இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில் பிரம்மாண்டமான பட்டாளக் குடியிருப்பு, அதையே ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார்கள். பெண்கள் தங்க ஒதுக்கியது சில சின்ன அறைகள். அதில் ஒன்றில் ஒரு ரஷ்ய ஜெனரல் ஏற்கெனவே தங்கியிருந்தார், பிணமாக. மருத்துவ அதிகாரிகளின் வரவேற்பு அப்படி. கூப்பிடாமல் வார்டுக்குள் வரக்கூடாது என்றார்கள். நைட்டிங்கேலும், சரி, கூப்பிடுகிறவரை உள்ளே போகமாட்டோம் என்று சொல்லி எல்லாரையும் உட்காரவைத்துத் துணி தைக்கச் சொல்லிவிட்டார். கண்ணெதிரே சிப்பாய்கள் சாகிறார்கள், உள்ளே தலையணை உறை தையல். பல்லைக் கடித்துக்கொண்ட இந்தப் பொறுமை பல வருஷம் மாமியார் வீட்டில் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் வரும். கல்யாணமே ஆகாத அவருக்கு எப்படி வந்ததோ. அடுத்த நாளே இங்கர்மன் யுத்தம். காயம்பட்டவர்கள் கப்பல் கப்பலாக வந்து குவிய, டாக்டர்களின் கௌரவம் ஒரு வாரத்துக்குள் கரைந்தது. கரைந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘டைம்ஸ்’ வாசகர்கள் திரட்டிய நிதி நைட்டிங்கேல் கைவசம் இருந்தது. சட்டை, சோப்பு, துடைப்பம் எல்லாம் அவர்தான் வாங்கிக்கொடுக்க வேண்டும். சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவருக்கு மரியாதை.

ஆனால் அவர் வந்ததும் சாவு நின்றுவிடவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏறத்தான் செய்தது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 பேர் செத்தார்கள். கட்டடமே சாக்கடைமேல் உட்கார்ந்திருந்தது. மார்ச்சில் சுகாதாரக் கமிஷன் வந்து தோண்டியபோது, குடிதண்ணீர் வரும் வாய்க்காலில் ஒரு செத்த குதிரை கிடந்தது. அதை எடுத்துப்போட்டு, சாக்கடையை அலசி, சுண்ணாம்பு அடித்தபிறகுதான் ஜூனில் சாவு 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆக, சிப்பாய்களைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு சாக்கடை அள்ளியவர்களுக்கு. அவர்கள் பெயரில் எந்த நாளும் கொண்டாடப்படுவதில்லை. தேவதைக்கு அடுத்த படியில் இருந்தவர்கள், அவ்வளவு தூரம் யார் குனிந்து பார்ப்பது? நைட்டிங்கேல் இந்தப் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொண்டு, மிச்ச ஆயுளைப் புள்ளிவிவரத்துக்கும் சுகாதாரத்துக்கும் எழுதிவைத்தார். ஊர் அதையெல்லாம் விட்டுவிட்டு, ராத்திரி வார்டு சுற்றும்போது அவர் கையிலிருந்த விளக்கைப் பிடித்துக்கொண்டது. படங்களில் அலாவுதீன் கையிலிருந்து பிடுங்கிய மாதிரி ஒரு விளக்கு இருக்கும். நிஜத்தில் அவர் பிடித்தது மடிப்பு மடிப்பான துருக்கி லாந்தர்.

அதே போருக்கு மேரி சீகோல் என்ற ஜமைக்காப் பெண்மணியும் போகக் கேட்டார். காலரா, மஞ்சள் காய்ச்சல் எல்லாம் பார்த்த கை. லண்டனில் கதவு கதவாகத் தட்டினார், எதுவும் திறக்கவில்லை. தோல் நிறம் தப்பு. சொந்தக் காசில் கப்பலேறி பலக்ளாவா பக்கத்தில் ‘பிரிட்டிஷ் ஹோட்டல்’ என்று கடை போட்டு, சாப்பாடும் சாராயமும் விற்று, அந்தக் காசில் சிப்பாய்களுக்கு வைத்தியமும் பார்த்தார். கடை நடத்திச் சேவை செய்தவர் தேவதைக் கணக்கில் வரமாட்டார் அல்லவா? போர் முடிந்ததும் திவால். 1881-ல் இறந்தார். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரி வாசலில் சிலை வைக்க 2016 வரை ஆயிற்று.

அந்த செயின்ட் தாமஸில்தான் 1860-ல் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி திறந்தது. நர்ஸ் என்றால் குடிகாரி என்ற பெயரைத் துடைக்க அவர் கண்ட வழி கடுமையானது. பெண்கள் தனியாக வெளியே போகக்கூடாது, ஜோடியாகத்தான். ஒழுக்கத்துக்கு மாதாமாதம் மார்க். கண்ஜாடை காட்டியவள் அன்றே வீட்டுக்கு. மரியாதை கிடைத்தது, சந்தேகமில்லை. வேலை செய்ய வந்தவளைப் பெண்பார்க்கும் படலத்திலேயே நிரந்தரமாக உட்காரவைத்ததால் கிடைத்த மரியாதை. படித்துத் தேறினால் அரசாங்கப் பதிவேட்டில் பெயர் ஏறட்டும் என்று எத்தெல் ஃபென்விக் என்ற நர்ஸ் முதலானோர் போராடியபோது, குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்று நைட்டிங்கேலே எதிர்த்தார். அவர் 1910-ல் காலமாகி, 1919-ல்தான் சட்டம் வந்தது. பதிவேட்டில் முதல் நம்பர் ஃபென்விக் அம்மையாருக்கு.

இனி நம்ம ஊர். 950-ஆவது குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நாலு கூறாகப் போட்டு நோயாளி, வைத்தியர், மருந்து என்று எண்ணிவிட்டு, நாலாவது இடத்தைப் பக்கத்தில் நின்று கவனிக்கிறவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி கால் பங்கு நர்ஸுக்குச் சேரவேண்டும். குறளுக்கு உரை எழுதியவர்கள் இத்தனை பேரில் யாரும் இந்தக் கோணத்தில் ஃபீஸைப் பிரித்துப் பார்க்கவில்லை. மருத்துவச்சி விஷயமோ இன்னும் அழகு. பல ஊர்களில் நாவிதர் வீட்டுப் பெண்கள்தான் பேறுகாலம் பார்த்தார்கள். தாயையும் பிள்ளையையும் பிழைக்கவைத்த கைக்குக் கூலி கொஞ்சம் நெல், ஒரு பழம்புடவை. குழந்தையை முதலில் தொட்டவள், தீட்டு கழிந்தபின் அந்த வீட்டுத் திண்ணையைத் தாண்டமுடியாது.

எழும்பூரில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் வந்தது. 1871-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் பள்ளி தொடங்கியது. நாலே நாலு மாணவிகள் என்று நர்ஸிங் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. நாலு பேர் கிடைத்ததே பெரிசு. ரத்தம், சலம், மலம், போதாக்குறைக்கு அந்நிய ஆண்பிள்ளையின் உடம்பு! எந்த ஜாதி வீட்டில் அனுப்புவார்கள்? ஆங்கிலோ இந்தியப் பெண்களும் இந்தியக் கிறிஸ்தவப் பெண்களும்தான் வந்தார்கள். அவர்கள் வந்ததும், “அது அவங்க வேலைப்பா” என்று மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துகொண்டார்கள். செய்ரி கேம்பை ஓட்டிய அதே செக்கு, மாடு மட்டும் வேறு.

திண்டிவனத்தில் 1890-களில் ஒரு ராத்திரி மூன்று பேர் அடுத்தடுத்து மிஷன் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் மேல்ஜாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். வீட்டில் டாக்டர் இருந்தார், ஆனால் ஆண். அவர் வேண்டாம், பெண்தான் வரவேண்டும் என்றார்கள். இருந்த பெண் அவர் மகள் ஐடா ஸ்கடர், வைத்தியம் தெரியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, வேலூரில் ஆஸ்பத்திரி கட்டி, 1909-ல் நர்ஸிங் பள்ளியும் தொடங்கினார். 1946-ல் அங்கே நர்ஸிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. பிரசவம் பார்க்கப் பெண்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற நம் சமூகம், அந்தப் பெண் நம் வீட்டிலிருந்து போகக்கூடாது என்பதிலும் அதே பிடிவாதத்தைக் காட்டியது. 1946-ல் வந்த போர் (Bhore; யுத்தமல்ல, ஆள் பெயர்) கமிட்டி அறிக்கையில் கணக்கு இருக்கிறது: 6,300 பேருக்கு ஒரு டாக்டர், 43,000 பேருக்கு ஒரு நர்ஸ். கல்யாணப் பந்தியில் ஏழு சமையல்காரர் நிற்க, பரிமாற ஒரே ஆள் என்ற மாதிரி.

சினிமா இந்தத் தொழிலுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டது. 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தில் சரோஜாதேவி நர்ஸ், சிவாஜி டாக்டர். நர்ஸ் டாக்டரைக் கட்டிக்கொள்கிறார். காசநோய் வந்ததும் கணவரின் ஆராய்ச்சி கெடக்கூடாது என்று வீட்டைவிட்டுப் போகிறார். செத்துவிட்டதாக எல்லாரும் நினைக்க, டாக்டருக்கு இன்னொரு கல்யாணம் ஆகி, கண்ணும் போய்விடுகிறது. அவருக்குப் பணிவிடை செய்ய வருகிற நர்ஸ் யார்? பழைய மனைவியேதான், வேறு பெயரில். ஊரே கைக்குட்டை நனைய அழுதது. சொந்தப் புருஷனுக்கே டூட்டி பார்த்தாரே, அந்த மாசச் சம்பளம் வந்ததா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மலையாளப் பெண்கள் விசாரித்தார்கள். 1960-களில் மேற்கு ஜெர்மனி, அப்புறம் வளைகுடா என்று போய் டிராஃப்ட் அனுப்பினார்கள். தம்பிகள் படித்தார்கள், ஓட்டு வீடு மாடி வீடானது. நாம் அதுவரை மலையாள நர்ஸ் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த டிராஃப்டுக்கு விலையும் இருந்தது: 2014-ல் இராக்கின் திக்ரித் நகரில் சண்டைக்கு நடுவே 46 இந்திய நர்ஸுகள் மாட்டிக்கொண்டபோது, பலருக்கு ஊரில் கடன், அங்கே சம்பளப் பாக்கி; வெறுங்கையோடு திரும்புவதா என்று தயங்கினார்கள்.

நம் பக்கத்தில் மனமாற்றம் கல்யாணத் தரகர் வழியாக வந்தது. பழைய காட்சி இப்படி. கூடத்தில் ஜாதகக் கட்டு. மாப்பிள்ளையின் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்: “பொண்ணு என்ன பண்ணுதுன்னீங்க?”

“ஆஸ்பத்திரியில உத்தியோகம்மா.”

“டாக்டரா?”

“டாக்டருக்குப் பக்கத்துலயே நிக்கிற வேலைம்மா.”

“நர்ஸா? நைட் டூட்டி இருக்குமே!” ஜாதகம் கட்டுக்கு அடியில் போய்விடும். ராத்திரி முழுக்க ஷிஃப்ட் பார்க்கும் சாஃப்ட்வேர் பெண்ணின் ஜாதகம் மேலே வரும். கணினிக்கு உடம்பு இல்லை, அதனால் தீட்டும் இல்லை.

இப்போது அதே கூடம், அதே அம்மா. “பொண்ணு நர்ஸும்மா. இங்கிலீஷ் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு, லண்டன்ல வேலை, விசா வந்தாச்சு.”

“மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போகலாமா?”

“டிபென்டென்ட் விசா உண்டும்மா.”

“சேவைன்னா இதுதாம்ப்பா சேவை! நாள் பாருங்க.”

அந்த அம்மாவைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நர்ஸ் வேலையைச் சம்பளத்தை வைத்து மதிப்பிட்ட முதல் தமிழர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அரசாங்கத்துக்கு அந்தத் தெளிவு வரவில்லை. தேர்வெழுதி அரசு ஆஸ்பத்திரிகளில் ஒப்பந்த நர்ஸாகச் சேர்ந்தவர்களுக்கு 2017-ல் மாதம் 7,700 ரூபாய். அந்த வருஷம் நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தபோது, சேவைத் தொழிலில் இருப்பவர்கள் போராடலாமா என்ற பழைய பாட்டே திரும்பக் கேட்டது. தனியார் ஆஸ்பத்திரிகளின் கதையைச் சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016-ல் ஒரு கமிட்டி பார்த்தது; 50 படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. பரிந்துரை ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. நைட்டிங்கேலின் 200-ஆவது பிறந்த வருஷம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ஐச் செவிலியர் ஆண்டாக அறிவித்ததும் கொரோனா வந்தது. மார்ச் 22 மாலை தட்டைத் தட்டினோம். மே 3 அன்று ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள்மேல் பூ தூவினார்கள். வார்டு முடித்து வீட்டுக்குப் போன நர்ஸிடம், அறையைக் காலி பண்ணும்மா என்று சொன்ன வீட்டுக்காரர்களில் எத்தனை பேர் அன்று தட்டு தட்டினார்களோ!

அடுத்தமுறை உங்கள் வீட்டில் யாராவது டிஸ்சார்ஜ் ஆகும்போது பில்லை நிதானமாகப் படியுங்கள். அறை வாடகைக்குக் கீழே ‘நர்ஸிங் சார்ஜ்’ என்று ஒரு வரி இருக்கும், நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று. அதில் நர்ஸ் கைக்கு எவ்வளவு போகிறது என்று கவுண்டரில் கேளுங்கள். பதில் வராது. பரவாயில்லை, சத்தமாகக் கேளுங்கள்.